மில்லை நிறுத்திவிட்டு அளந்த காற்று

எங்கள் பழைய அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு மெஷின் வரப்போகிறதாம். தூசியைத் தானே அளந்து, அளந்ததைத் தானே பலகையில் எழுதிக் காட்டுமாம். அதைத் தொடங்கி வைக்கும் நாளில் சின்னதாக ஒரு மலர் போடுகிறார்கள். அதற்கு அந்தக் கால அனுபவம் இரண்டு பக்கம் வேண்டும் என்று இப்போது வேலையில் இருப்பவர்கள் போனில் கேட்டார்கள். நல்லவிதமாக எழுதுங்கள் சார் என்றும் சொன்னார்கள். நல்லவிதமாக எழுத வேண்டியதையெல்லாம் நான் சர்வீஸில் இருக்கும்போதே எழுதி முடித்துவிட்டேன். மிச்சம் இருப்பதுதான் இது. மலரில் போடுவார்களா என்பது சந்தேகம்.

அலுவலகத்தின் பெயர் வேண்டாம், பென்ஷன் வாங்குகிறேன். காற்று கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று எழுதித் தருவது எங்கள் வேலை என்று தெரிந்துகொண்டால் போதும். நான் அதில் கள உதவியாளன். மெஷினைத் தூக்குவேன், வைப்பேன், ஓட்டுவேன், மறுபடி தூக்குவேன்.

விருத்தாசலத்துக்காரர்களுக்குச் செராமிக் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் வீட்டு ஃப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கொலுவில் கடைசிப் படியில் நிற்கும் வாத்து, குளியலறையில் இருக்கும் பீங்கான், இவற்றில் ஏதாவது ஒன்று எங்கள் ஊரிலிருந்து வந்திருக்கும். பொருள் உங்களுக்கு வந்துவிடுகிறது. அதற்காகக் கல்லை அரைத்தபோது பறந்த தூள் எங்களிடமே தங்கிவிடுகிறது. எங்கள் ஊரில் சில தெருக்களில் வேப்பமரம் வெள்ளையாக இருக்கும். மழை பெய்தால்தான் அது என்ன மரம் என்று தெரியும்.

பயிற்சி சென்னையில் நடந்தது. குளிர்ந்த அறையில், ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, தூசியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். மெஷினை எத்தனை உயரத்தில் வைக்க வேண்டும், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், மரத்தடியில் ஏன் வைக்கக்கூடாது என்று ஒன்று விடாமல் சொன்னார்கள். கரண்டை எங்கிருந்து எடுப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சென்னையில் அது சுவரிலேயே இருந்தது.

அந்த மெஷின் இடுப்பளவு உயரமுள்ள ஒரு தகரப் பெட்டி. தலையில் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒரு மூடி. உள்ளே காற்றை இழுக்கும் மோட்டார், அதற்கு மேலே கண்ணாடி நாரில் செய்த ஒரு வெள்ளைத் தாள். எட்டு மணி நேரம் ஊர்க்காற்று அந்தத் தாள் வழியாகப் போகும், தூசி தாளில் தங்கும். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் தாளை எடை போட்டால் வருகிற வித்தியாசம்தான் தூசி. கேட்க எளிதாக இருக்கிறதா? தாளைக் கையால் தொடக்கூடாது, விரல் வியர்வைக்கும் எடை உண்டு. இடுக்கியால் எடுத்து, ஈரத்தை உறிஞ்சும் கண்ணாடி ஜாடிக்குள் ஒரு முழு நாள் வைத்து, தராசுக்குப் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு எடை போட வேண்டும். நான் பெற்ற பிள்ளைகளைக்கூட இத்தனை பக்குவமாகத் தூக்கியதில்லை. இதை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் குறைந்தால் முனகும். முனகினால் இழுக்கும் காற்று குறைந்துவிடும். காற்று குறைந்தால் அன்றைய அளவு செல்லாது, மறுநாள் மறுபடி தூக்க வேண்டும். தூக்குகிறவன் நான் என்பதால் அதன் முனகல் எனக்கு நன்றாகக் கேட்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர் ஓரத்தில் வெள்ளைக்கல்லை அரைத்து மாவாக்கும் ஒரு மில்லுக்கு அனுப்பினார்கள். மில்லின் பிளக்கிலிருந்துதான் கரண்டு. மில் ஓடினால் அந்தத் தெருவின் கரண்டையெல்லாம் அதுவே குடித்துவிடும். என் மெஷின் முனகிக்கொண்டு நின்றது. நான் மேனேஜர் ராமலிங்கத்திடம் போய், வோல்டேஜ் வரவில்லை, மில்லைக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். ஆமாம், நானேதான் கேட்டேன். அவர் தங்கமான மனிதர். கவர்ன்மென்டு வேலை கெடக்கூடாதே என்று பதறி, ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். டீ வந்தது. மோட்டார் கணீரென்று ஓடியது. எட்டு மணி நேரமும் காற்று நூல் பிடித்த மாதிரி ஒரே சீராகப் போனது. எடை போட்டோம். காற்று அப்பழுக்கில்லாமல் இருந்தது.

அன்றைக்கு எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. என் கவலை முழுவதும் மெஷின் மேல் இருந்தது, காற்றின் மேல் இல்லை. அளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள், இருந்தது. ஓடாத மில்லின் தூசியை அத்தனை துல்லியமாக இந்த ஜில்லாவில் வேறு யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே ராமலிங்கம் சுவிட்சுக்குப் போய்விடுவார். பிறகு அலுவலகமே முன்கூட்டிக் கடிதம் போட ஆரம்பித்தது. இன்ன நாளில் மெஷின் வைக்கப்படும், தடையற்ற மின்சாரத்துக்கு ஆவன செய்யவும் என்று எழுதுவோம். அவர்களும் ஆவன செய்தார்கள். இப்படியே பல வருஷம் ஓடியது, மில்லைத் தவிர.

கடைசியாக எனக்கு மேலே இருந்தவர் பொறியாளர் சபாநாயகம் சார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, குரலை உயர்த்திக் கேட்டதில்லை. எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும், கொடுத்த நாற்காலியில் உடனே உட்கார மாட்டார். சட்டைப்பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்து, முதுகு சாயும் இடம், உட்காரும் இடம், கை வைக்கும் இடம் என்று வரிசையாகத் துடைப்பார். கைக்குட்டையை ஜன்னலுக்கு வெளியே இரண்டு உதறு உதறுவார். வெளியே வெள்ளையாக ஒரு புகை எழுந்து அடங்கும். பிறகு நாற்காலியில் கைக்குட்டையை விரித்து, அதன் மேல் உட்கார்ந்து, 'வளாகத்தில் தூசி காணப்படவில்லை' என்று எழுதச் சொல்வார். நானும் எழுதுவேன். நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு நாற்காலியில் இருப்பது அழுக்கு, தாளில் இருப்பதுதான் தூசி.

அந்த மில்லுக்குப் பின்னால் இரண்டாவது வீடு ஆரோக்கியமேரியுடையது. தையல் வேலை செய்கிற பெண். கணவர் கொத்தனார், புதுச்சேரிப் பக்கம் வேலை, வாரத்துக்கு ஒரு முறை வருவார். வீட்டை அவர்தான் தன் கையால் கட்டினார், அந்தம்மா செங்கல் எடுத்துக் கொடுத்ததாம். ஆறு வயதில் ஒரே மகள், ஜெனிபர். அந்தக் குழந்தைக்கு இளைப்பு. அந்த வீட்டிலேயே இருந்தால் குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். மில்லின் தூசி அடங்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விட வேண்டும். அந்தம்மாவுக்கு இருந்தது அந்த இரண்டே வழி. தெருவில் மற்ற வீடுகளில் யாராவது ஒருவர் மில்லில் கூலிக்குப் போனார்கள். அதனால் மனு எழுத ஆரோக்கியமேரிதான் மிஞ்சியது.

முதல் மனுவுக்கு மெஷினோடு போனேன். வரம்புக்குள் இருக்கிறது என்று பதில் போனது. இரண்டாவது மனுவுக்கும் போனேன், அதே பதில். அந்தப் பதிலில் சபாநாயகம் சார் தன் சொந்த அறிவில் ஒரு வரி சேர்த்திருந்தார். ஆய்வு நாளில் தெருவில் எல்லா வீட்டிலும் துணிகள் வெளியே உலர்த்தப்பட்டிருந்தன, எனவே பொதுமக்களுக்கு இடையூறு இல்லை என்பது தெளிவாகிறது என்ற வரி. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கண்ணால் கண்ட சாட்சி அல்லவா? வெள்ளை வேட்டி, போர்வை, ஜன்னல் திரை எல்லாம் கொடியில் ஆடியதை நானும்தான் பார்த்தேன்.

மூன்றாவது மனு வந்ததும், பழைய பதிலையே மறுபடி கொடுத்துக் கையெழுத்து வாங்கி வா என்று அனுப்பினார்கள். காலை பத்து மணி இருக்கும். மில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தம்மா உள் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தது. கருநீலத்தில் ஸ்கூல் யூனிபார்ம் துணி. மிதிப்பதை நிறுத்துகிற நேரமெல்லாம் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்து மூடியது. குழந்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அது மூச்சு விடும் சத்தம் தையல் மெஷின் நின்றபோது கேட்டது. கேட்ட பிறகு எனக்கு அந்த அறையில் நிற்க ஒரு மாதிரியாக இருந்தது.

அந்தம்மா பதிலை வாங்கிப் படித்தது. துணி உலர்த்திய வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தது.

"சார், இத நீங்களா எழுதுனீங்க?"

பெரியவர் எழுதியது என்றேன். எங்கள் அலுவலகத்தில் எல்லாமே பெரியவர் எழுதியதுதான்.

"ஒங்க மெஷினு வர்ற நாளுலதான் சார் இந்தத் தெருவுல துணியே வெளிய காயப்போடுவாங்க. அன்னிக்குத்தான மில்லு நிக்குது. போர்வை, ஸ்க்ரீனு, தலையணை ஒறை எல்லாத்தையும் சேத்து வச்சிருந்து அன்னிக்கு அலசிப் போடுவோம். மெஷினு நாளுன்னே அதுக்குப் பேரு. நீங்க மாசாமாசம் வந்தா நல்லாருக்கும்னு பொம்பளைங்க பேசிக்குவாங்க."

கிண்டல் செய்கிறதோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. தெரிந்த விஷயத்தைத் தெரியாதவனுக்குச் சொல்கிற முகம்தான் அது. கையெழுத்து போட்டுக் கொடுத்தது. நான் வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்தேன். டிரைவர் என்ன சார் முகம் இப்படி இருக்கிறது என்றார். தூசி என்றேன்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷமாக இந்த ஊருக்கு நான் செய்த ஒரே நன்மை, நாலு வீட்டுப் போர்வை காய்ந்தது. அதற்குக்கூட நான் காரணமில்லை, என் மெஷினின் முனகல்தான் காரணம். யாரும் லஞ்சம் கொடுக்கவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு மரியாதைக்காரனும் ஒரு முட்டாளும் சேர்ந்து இதைச் செய்து முடித்தோம். மரியாதைக்காரர் ராமலிங்கம்.

மில்லின் கரண்டை எடுக்காமல் அளந்தால்தான் உண்மை தெரியும். அந்தம்மா வீட்டுக் கரண்டும் மில் ஓடினால் படுத்துவிடும். கடைசியில் கருவேப்பிலங்குறிச்சியில் மைக் செட் வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஜெனரேட்டர் கேட்டேன். என்ன விசேஷம், காதுகுத்தா, மஞ்சள் நீராட்டா என்றார். தூசி அளக்க என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் ஸ்பீக்கர் வேண்டாமா என்றார். வேண்டாம் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இந்த முறை கடிதம் போடவில்லை. ஆரோக்கியமேரி வீட்டு மாடியில் மெஷினை வைத்தேன். ஜெனரேட்டர் புகை தாளில் படக்கூடாது என்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, தெருமுனை வரைக்கும் ஒயரை இழுத்து, அங்கே நிறுத்தினேன். மெஷினைப் பார்த்ததும் இரண்டு வீட்டில் பழக்க தோஷத்தில் போர்வையை ஊற வைத்துவிட்டார்கள். மில் ஓடுகிற சத்தம் கேட்டதும் என்னைத் திட்டிக்கொண்டே வாளியை உள்ளே எடுத்துப் போனார்கள். சற்று நேரத்தில் ராமலிங்கம் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"சொல்லாம வந்துட்டீங்களே சார், மன்னிச்சுக்குங்க. தோ, இப்ப நிறுத்திடறேன்."

"வேண்டாங்க. ஓடட்டும்."

"வோல்டேஜு வராதே சார்?"

"பரவால்லங்க, ஓடட்டும்."

அவர் என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார். என் மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. இத்தனை வருஷம் ஒழுங்காக வேலை பார்த்த மனுஷனுக்கு என்ன ஆனதோ என்று கவலைப்பட்டார். டீ அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். எட்டு மணி நேரமும் நான் மாடியை விட்டு இறங்கவில்லை. சாயங்காலம் என் மீசையைத் தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது.

தாளை ஜாடியில் வைத்து, எடுத்து, எடை போட்டேன். நம்பிக்கை வராமல் மூன்று முறை போட்டேன். வரம்பைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. இடுக்கியில் பிடித்தபடியே சபாநாயகம் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், மாட்டிக்கொண்டும் பார்த்தார்.

"வெள்ளையாத்தான இருக்குது?"

தாளும் வெள்ளை சார், தூசியும் வெள்ளை என்றேன். எடைச் சீட்டைக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு அவர் பழைய அறிக்கைகளை எல்லாம் எடுத்து மேசையில் அடுக்கினார். எல்லாவற்றிலும் என் கையெழுத்துதான் முதலில் இருந்தது.

"அத்தனையும் வரம்புக்குள்ள. இது ஒண்ணு மட்டும் மேல. ரெண்டுல ஏதோ ஒண்ணு தப்பு இல்லீங்களா? இதுதான் தப்புன்னா ஜெனரேட்டர் பொகைன்னு ஒரு வரி போதும். அதெல்லாம் தப்புன்னா, ஏன் தப்புன்னு முழுசா எழுதணும். மில்ல நிறுத்தச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. எதுவா இருந்தாலும் நீங்களே ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன். அவசரமில்ல."

மிரட்டலே கிடையாது. உண்மையாகவே என் மேல் அக்கறையோடுதான் சொன்னார். எனக்கு ரிடையர் ஆக இன்னும் எட்டு மாதம் இருந்தது. ஜெனரேட்டர் புகை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மில்லை நிறுத்தச் சொன்னவன் நான்தான் என்று எழுதக் கை வரவில்லை. இரண்டுக்கும் நடுவே எங்கள் அலுவலகத்தில் ஒரு வசதியான இடம் உண்டு, அதற்குப் பெயர் மேசை டிராயர். கோப்பை அதில் வைத்துப் பூட்டினேன். தினமும் திறந்து பார்ப்பேன். பரிசீலனையில் உள்ளது என்று ஊருக்கெல்லாம் எழுதுகிறோமே, அது என்னவென்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஒருவன் டிராயரைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவது.

ஒரு நாள் அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனேன். ஆரோக்கியமேரி வீட்டில் பூட்டுத் தொங்கியது. நான் மாடியில் அளந்துவிட்டுப் போன பிறகு குழந்தைக்கு இளைப்பு அதிகமாகி மூன்று தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். கடைசித் தடவை முகமெல்லாம் நீலம் பாரித்துவிட்டதாம். அன்று காலையில்தான் அங்கிருந்தே நேராக மங்கலம்பேட்டைக்கு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். குழந்தை இப்போது தேவலை என்றும் சொன்னார்கள். அந்த ஒரு சொல் கேட்காமல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அலுவலகத்துக்குத் திரும்பி, டிராயரைத் திறந்து, ஒரே மூச்சில் நாலு பக்கம் எழுதினேன். மில்லை நிறுத்தச் சொன்னது நான்தான், முதல் நாளிலிருந்து நான்தான் என்று எழுதினேன். சபாநாயகம் சார் படித்தார், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார், சொன்னபடியே கையெழுத்துப் போட்டார்.

பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன். இனி கவனமாக இருக்கவும் என்று ஒரு வரியில் எச்சரித்து முடித்துவிட்டார்கள். பென்ஷனில் ஒரு பைசா குறையவில்லை. நான் பயந்த அளவுக்கு அரசாங்கத்துக்கு நான் முக்கியமானவன் இல்லை. மில் ஓடும்போதே மறுபடி அளந்தார்கள். அரைக்கும் இடத்தைச் சுற்றி அடைக்க வேண்டும், தூள் பிடிக்கும் பைகள் மாட்ட வேண்டும் என்று உத்தரவு போனது. ராமலிங்கம் வழக்கம்போல ஆவன செய்தார். அவரிடம் யாரும் இதற்கு முன்பு அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். வேப்பமரம் மெதுவாகப் பச்சையானது.

உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு நானே மங்கலம்பேட்டைக்குப் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம். நல்ல செய்தியை நேரில் சொல்ல வேண்டும் என்று ஒரு ஆசை. இன்னும் உண்மையாகச் சொன்னால், ஒரு நன்றி கிடைக்கும் என்று ஆசை. பஜாருக்குப் பின்னால் ஒரு மாடிப்படியின் கீழே அந்தம்மா தையல் மெஷினைப் போட்டிருந்தது. ஜெனிபர் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டிப்போட்ட துண்டுத் துணிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு விடும் சத்தம் கேட்கவில்லை. நான் காது கொடுத்துக் கேட்டேன், கேட்கவில்லை.

"தூசி நின்னுபோச்சும்மா. நீங்க வூட்டுக்குத் திரும்பிடலாம்" என்று சொல்லி உத்தரவைக் கொடுத்தேன்.

அந்தம்மா என்னை உட்காரச் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டது. உத்தரவை மேலிருந்து கீழே வரை, ஒரு வரி விடாமல் படித்தது. எங்கள் உத்தரவுகளில் முதல் பத்தியில் தேதிகள் வரிசையாக இருக்கும், யாரும் அதைப் படிப்பதில்லை. அந்தம்மா படித்தது. மாடியில் வைத்த தாளை எடை போட்ட தேதியில் விரலை வைத்தது. நான் குறிப்பு எழுதிக் கொடுத்த தேதியில் இன்னொரு விரலை வைத்தது. வாய்க்குள்ளேயே எண்ணியது.

"எடை போட்ட அன்னிக்கே தெரிஞ்சிடுமா சார்?"

தெரிந்துவிடும் என்றேன்.

"அப்புறம் முப்பத்தேழு நாளு கழிச்சி எழுதிக் குடுத்திருக்கீங்க."

ஆமாம் என்றேன். எனக்கு அப்போது எட்டு மாதம்தான் பாக்கி இருந்தது என்று சொல்லலாமா?

அந்தம்மா குரலில் கோபம் இல்லை. அன்றைக்குத் துணி துவைப்பதைப் பற்றிச் சொன்னதே, அதே மாதிரி, தெரியாதவனுக்குச் சொல்வது போலத்தான் சொன்னது.

"அந்த முப்பத்தேழு நாளும் நாங்க அங்கதான சார் இருந்தோம்."